சட்டத்தில் இடித்த அடுப்படி

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற கையோடு, அந்த பஸ் கொன்று போட்ட ரயில்பாதைக்கு உயிர் கொடுக்கும் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். வந்தது. சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவருக்குப் பெயர் மாறிவிட்டது. ஊரில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்திலோ டிரைவர் என்றால் எஞ்சின் டிரைவர். அந்த வேலைக்குத் தலைவரான பல் டாக்டர் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார். ஓட்டுவதற்கு எஞ்சின் இல்லை என்பது வேறு விஷயம். ஆகவே பேக்கரிக்காரர் புதியவருக்கு 'பஸ்' என்று பெயர் வைத்தார்.

"வாங்க பஸ்ஸு! என்ன இன்னிக்கு லேட்டு? வழியில கூட்டமா?"

"நானாவது லேட்டா வர்றேன். உங்க ரயிலு வந்து எத்தனை வருஷமாச்சு?"

அதோடு நட்பு உறுதியாயிற்று. அவரைப் பஸ்காரர் என்று 'ஆர்' போட்டுச் சொன்னவர் செயலாளரான பூகோள டீச்சர் ஒருவர்தான்.

சங்கத்துக்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் கூரை ஒழுகும் ஒரு பயணிகள் பெட்டி. பெட்டியின் கூரையும் கொட்டகையின் கூரையும் ஒரே இடத்தில் ஒழுகியதால், மழை நாளில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் வெளியே இருப்பதாகவே உணர முடியும். வெளியே புல் மூடிய தண்டவாளம், அதில் பாதி திருடு போனது. பல் டாக்டர் பல்லில் காரை சுரண்டும் ஊசியால் பித்தளை விளக்குகளின் களிம்பைச் சுரண்டுவார். சுரண்டுவதற்கு முன் "கொஞ்சம் வலிக்கும்" என்று விளக்கிடம் சொல்வார் என்பது பேக்கரிக்காரரின் கட்டுக்கதை. ஆனால் சொல்லக்கூடிய ஆள்தான். டீச்சர் பழைய வருஷங்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். பாதை செழிப்பாக ஓடிய வருஷம். திருகாணியிலிருந்து திரைச்சீலை வரை எல்லாம் அந்த வருஷத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. அதற்கு முன்னால் இருந்தது வரலாறு. பின்னால் வந்தது அழுக்கு.

பஸ்காரருக்கு ரயில்மேல் பிரியம் கிடையாது, பகையும் கிடையாது. அவர் வந்தது ஒரு அடுப்படிக்காக.

அந்தப் பாதை சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு கேட் வீடு உண்டு. அதில் அவருடைய அக்கா இருந்தாள். அக்காவுக்குக் கல்யாணமானபோது தாய் இல்லை, தகப்பன் இருந்தும் இல்லாதவர். மாப்பிள்ளை கேட் கீப்பர். பெண்ணோடு தம்பியும் வருவான் என்று பேசி முடிவு செய்தார்கள். பெட்டி படுக்கையோடு அவரும் ஒரு உருப்படியாக வந்து இறங்கினார். முன்னறை, பின்னறை, அவ்வளவுதான் வீடு. சமையல் பின்னறை மூலையில். புகை போக வழியில்லாமல் அக்காவின் கண்கள் எந்நேரமும் சிவந்து கலங்கியிருக்கும். உண்மையாகவே அழும்போது யாருக்கும் தெரியாது என்பது அதிலிருந்த ஒரே சௌகரியம்.

தம்பி வளர்ந்து பஸ் டிரைவரானார். அந்த பஸ் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்காள் கணவர், அவருக்கு மாமா, மச்சினன் ஓட்டும் பஸ் தூரத்தில் தெரிந்தாலே கேட்டை இறக்கிவிடுவார். ரயில் வரும் நேரமா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. பஸ்ஸில் இருப்பவர்கள் கூச்சல் போடுவார்கள். மாமா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக ஒரு சிகரெட் பற்ற வைப்பார்.

"மாமா, ரயிலு எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"எங்க வந்துக்கிட்டு இருக்குன்னு கேட்டேன்."

"என் ரயிலைத் தின்னு ஏப்பம் விட்டவன் நீ. கொஞ்ச நேரம் நின்னா செரிக்கும். நில்லு."

தின்றது உண்மைதான். பஸ்ஸில் நிற்க இடமில்லை, ரயிலில் உட்கார ஆளில்லை. ஒருநாள் பாதையை மூடிவிட்டார்கள். மாமாவின் வேலை போயிற்று. வீடு மட்டும் போகவில்லை. சாவியை வந்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வேலையில்லாத கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்த அடுப்படியைக் கட்ட ஆரம்பித்தார். வீட்டின் ஒரு பக்கம் சாக்கடை. எஞ்சியது தண்டவாளப் பக்கம்தான். இடிந்து கிடந்த பிளாட்பாரத்துச் செங்கல்லையே ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தார். "இனிமே எந்த ரயிலு வந்து இடிக்கப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே, பாதை பக்கமாக ஒரு ஜன்னலும் வைத்தார். காற்றுக்காம். ரயிலை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு, அது வராத பாதையைப் பார்த்தபடி அந்த ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். ஒரு சாயங்காலம், கையில் டீ கிளாஸோடு, அப்படியே முடிந்துபோனார். கிளாஸ் கீழே விழவில்லை என்பதை அக்கா இன்றைக்கும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வாள்.

அதற்குப் பிறகு மற்ற இரண்டு அறைகளும் அக்காவுக்குத் தூங்கவும் துணி மடித்து வைக்கவும்தான். அவள் இருந்தது அடுப்படியில்.

பாதையையும் அதைச் சேர்ந்த கட்டடங்களையும் அரசாங்கம் மீட்புச் சங்கத்தின் கையில் கொடுத்துவிட்டது என்ற செய்தியைக் காய்கறி சுற்றி வந்த பேப்பரில் அவள்தான் படித்தாள். தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

"டேய், கட்டடம்னு போட்டிருக்கானே, அதுல நான் இருக்கறதும் சேர்த்தியா?"

"வீட்டை ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா. அது பழசு. பழசுன்னா அவங்களுக்கு உயிரு."

"அப்ப இது?" என்று கரண்டியால் அடுப்படிச் சுவரைத் தட்டினாள்.

இது புதுசு. டீச்சரின் வருஷத்துக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தது. அழுக்கு. பஸ்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் உள்ள போய் உக்காந்துக்கறேன். உன் அடுப்படி மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான். போதுமா?"

அவர் மனைவி, மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போனவள், திரும்பி வரும் உத்தேசம் எதையும் காட்டவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தடை சொல்லவும் ஆளில்லை.

அவருடைய திட்டம் எளிமையானது: எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. சங்கங்களைப் பற்றி அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பஸ் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். ஒரு மழைக்காலத்துக்கு மேல் எந்தச் சங்கத்தின் உற்சாகமும் தாங்காது என்று அறிந்தவர். ஆள் குறையும், சண்டை வரும், கொட்டகை ஒரு நாள் தானாக விழும். அதுவரை கூட இருந்து தலையாட்டினால் போதும்.

மனசு போட்ட திட்டம் கைக்குத் தெரியவில்லை. முதல் நாளே, தண்டவாளத்துக்கு அடியில் பல் டாக்டர் குழு போட்டிருந்த சிலிப்பர் கட்டைகளைப் பார்த்தார். சாராயக் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் நடந்த தடம் மாதிரி இருந்தது. பார்க்காத மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கடப்பாரையைப் பிடுங்கினார். வளைவு எப்படிப் போக வேண்டும் என்று அவர் கண்ணுக்கு உடனே தெரியும். நீளமான வண்டியை ஒடுக்கமான தெருக்களில் திருப்பியே தேய்ந்த கண். சில மாதங்களில் பாதை போடும் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. மழைக்காலம் வந்தது, போனது. உற்சாகம் குறையவில்லை. குறையத் தொடங்கிய நாள்களில், "இதென்ன வேலை, கை வைக்கிறதா தடவிக் குடுக்கறதா?" என்று அதட்டி ஆள்களைத் திரும்ப இழுத்து வந்தவர் அவரேதான். அக்காவின் வீட்டைக் காப்பாற்றச் சேர்ந்தவர், ஞாயிறு தவறாமல் தண்டவாளத்தை அக்காவின் வீட்டை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஜன்னலிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"டேய், போன மாசம் எறும்பு மாதிரி தெரிஞ்சீங்க. இப்ப யாரு மூக்கு சிந்தறாங்கன்னு வரைக்கும் தெரியுது."

"மெதுவாத்தான்க்கா போவுது."

"மெதுவாவா? பாத்திரம் தேய்க்கச் சொன்னா இடுப்பு வலிக்குதுன்னு படுத்துக்குவே. இப்ப இரும்பைத் தூக்கிக்கிட்டு ஓடறே."

ஆனால் அவள் குரலில் பயமில்லை. தம்பி சொல்லிவிட்டான், ஒருத்தன் கை வைக்க மாட்டான்.

பாதையைப் போட்டால் மட்டும் போதாது, அதில் பெட்டி எங்கும் உரசாமல் போகும் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மரச் சட்டம் செய்வார்கள். பெட்டியின் அகலமும் உயரமும், சுற்றிலும் கொஞ்சம் கூடுதலும் வைத்து, கதவில்லாத நிலைவாசல் மாதிரி ஒன்று. அதை ஒரு ட்ராலி மேல் நிறுத்தித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்காவது தட்டினால், "சட்டத்துல இடிக்குது" என்பார் டீச்சர், வக்கீல் மாதிரி. இடித்ததை எடுத்துவிட வேண்டும்: கிளை என்றால் கிளை, கம்பம் என்றால் கம்பம். சட்டத்தை யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் பஸ்காரரைப் பார்த்தார்கள்.

"வேலையில இருந்த வரைக்கும் வண்டியில ஒரு கீறல் விழாதவரு," என்றார் பல் டாக்டர். "அகலம்னா என்னன்னு அவருக்கு விளக்கணுமா?"

ஒரு மழை நாள் மத்தியானம், வேறு யாரும் வராத கொட்டகையில் அவர் சட்டத்தைச் செய்தார். முதலில் நேர்மையாகத்தான் செய்தார். செய்து முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். தண்டவாளத்திலிருந்து அடுப்படிச் சுவர் வரை பிடித்து முடிச்சுப் போட்ட கயிறு. அளக்கும்போது "என்னடா பாம்பு பிடிக்கிறியா?" என்று அக்கா கேட்டதற்குச் சும்மா என்று சொல்லியிருந்தார். கயிற்றைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தார். ஒரு சாண் இடித்தது. விரற்கடை என்றால் சுவரைச் செதுக்கலாம், பூச்சை உரிக்கலாம். சாண் என்பது சுவரேதான்.

கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பெட்டியின் படியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்துக் குறுக்குக் கட்டையில் ஒரு சாணுக்கு ஒரு விரல் கூடவே அறுத்துவிட்டு, இடதுபக்கக் காலை உள்ளே தள்ளி அடித்தார். அந்தப் பக்கம் அக்கா வீட்டைத் தவிர வழி நெடுக வெட்டவெளி. வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது. மேலே மஞ்சள் பெயின்ட் அடித்தார். மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டால் பொய்கூட அரசாங்கச் சொத்து மாதிரி ஆகிவிடுகிறது.

சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போன நாளில் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். கேட் வீடு நெருங்கியது. இவ்வளவு நாளும் ஒருவரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், கேட்டம்மா என்று அவர்கள் கூப்பிடும் அக்காவின் அடுப்படி தப்பாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சட்டம் சுவரை ஒட்டி நகர்ந்தது. ஒரு விரல் இடைவெளியில் தாண்டிப் போயிற்று. கைதட்டல். டீச்சருக்கே கண் கலங்கிவிட்டது.

"கேட்டம்மா, உங்க அடுப்படி சட்டப்படி சரியா இருக்கு!" என்று பல் டாக்டர் கத்தினார்.

அக்கா ஜன்னல் வழியாக எல்லோருக்கும் டீ கொடுத்தாள். தம்பிக்குக் கொடுக்கும்போது மட்டும் கிளாஸை உடனே விடவில்லை. "சொன்னபடியே பண்ணிட்டியேடா," என்றாள் மெல்ல. அவருக்கு டீ சுட்டது. காப்பாற்றியாயிற்று. சந்தோஷப்பட வேண்டிய நேரம். பட முடியவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பெட்டிக்கு வார்னிஷ் பூசினார்கள். பேக்கரிக்காரரின் சின்ன மகள் உள்ளே ஏறி, இடதுபக்கத்து ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி அப்பாவைக் கூப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"தலையை உள்ள இழு!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தியவர் பஸ்காரர்தான். குழந்தை விக்கித்துப்போய் அழுதது.

"வண்டி நிக்குது பஸ்ஸு!" என்று பேக்கரிக்காரர் சிரித்தார். "கொட்டகைக்குள்ள எதிர்ல லாரியா வரப்போவுது?"

அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். பெட்டி காலியாகப் போனால் கூரை விளிம்பு சுவரில் உரசும், வார்னிஷ் போகும், மானம் போகும், அதோடு முடிந்தது. ஆள்கள் ஏறினால் ஜன்னல்கள் இருக்கும். ஜன்னல் இருந்தால் தலை இருக்கும்.

அக்காவிடம் முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனார். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதைச் சரி செய்துவிட்டு வந்தார். அடுத்த தடவை சொல்லியே தீருவது என்று போய், ஜன்னல் கொக்கியை மாற்றினார். இன்னொரு நாள் அடுப்பு மேடையில் விரிசலைப் பூசினார். சொல்ல வேண்டியது தொண்டைக்கு வரும்போதெல்லாம் கைக்கு ஏதாவது ஒரு வேலை அகப்பட்டது. இடிக்கப்பட வேண்டிய அடுப்படி, கட்டிய நாளிலிருந்து இல்லாத அளவுக்கு நல்ல நிலைமைக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளோட்டத்துக்கு, பெட்டியைப் பின்னாலிருந்து தள்ள, ஒரு பழைய டீசல் எஞ்சினை இரவல் வாங்கினார்கள். பல் டாக்டர் தொப்பி போட்டுக்கொண்டு அதில் ஏறினார். பாதிக் கண்ணாடியைத் தொப்பி மறைத்தது. சங்கத்தார் எல்லோரும் குடும்பத்தோடு பெட்டியில். முதல் பயணத்துக்குச் சங்கத்தார்தான் ஏற வேண்டும், விபத்து ஏதாவது நடந்தால் வெளியார் பாதிக்கப்படக்கூடாது என்று டீச்சர் விளையாட்டாகச் சொன்னார். பஸ்காரர் பெட்டியின் முன்கோடியில், கை பிரேக்கின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரத்தைப் பிடிக்க வேறு யாரைப் போடுவார்கள்?

வண்டி ஆளின் நடை வேகத்தில்தான் போயிற்று. வளைவு திரும்பியதும் கேட் வீடு தெரிந்தது. அக்கா ஜன்னலில் டீ கிளாஸ்கள் அடுக்கிய தட்டோடு நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பெட்டியின் இடப்பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, கைகள் முளைத்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார், சுற்றிக்கொண்டே இருந்தார். இரும்பு ஊளையிட்டது. எஞ்சின் முரண்டு பிடித்து நின்றது. பெட்டியின் விளிம்புக்கும் அடுப்படிக்கும் ஒரு கை நீளம் இருந்தது.

"என்ன பஸ்ஸு, ஸ்டாப்பிங் வந்துடுச்சா? யாரு இறங்கணும்?" என்றார் பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து.

"இடிக்கும்."

"என்னது இடிக்கும்?"

"பெட்டி. அடுப்படியில."

டீச்சர் இறங்கி வந்தார். "சட்டம் இடிக்காமத் தாண்டிப் போச்சே! நாம எல்லாரும் பார்த்தோமே பஸ்காரரே?"

"சட்டம் பொய், டீச்சர். நான்தானே செஞ்சேன்."

பல் டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, பெட்டியின் விளிம்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரை விரலால் இரண்டு இடத்தில் தட்டினார். அவர் முகத்துக்கு, தொழிலில் பழகிய ஒரு கருணை வந்தது.

"எடுத்துத்தான் ஆகணும்மா," என்றார் அக்காவிடம். "வலிக்காம பண்ணிடலாம்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

"அப்புறம் எதுக்குடா கொக்கியை மாத்தினே?"

அவர் பிரேக் சக்கரத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாமே வேறு மாதிரி போயிருக்கலாம். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல, "இடிச்சுக்கோங்க," என்றாள். தட்டை நீட்டினாள். அப்பாடா என்று சங்கம் மூச்சு விட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லிச் சொல்லி டீயை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு கிளாஸ் மிஞ்சியது. தம்பி நின்றிருந்த இடத்துக்குத் தட்டு போகவில்லை. அந்த டீயை அவளே குடித்தாள்.

அடுப்படியை அப்படியே பிரித்து, வீட்டின் மறுபக்கம் சாக்கடையை மூடி, அதே செங்கல்லை வைத்துக் கட்டிக் கொடுப்பதென்று சங்கம் ஒருமனதாக முடிவு செய்தது. உள்ளபடியே நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் அவள் திட்டவாவது செய்திருப்பாள். எதைக் கழற்றினாலும் எண் போட்டுக் கழற்றுவது அவர்கள் பழக்கம். பெட்டியின் பலகை, திருகாணி எல்லாம் அப்படித்தான் கழற்றி மாட்டியிருந்தார்கள். அடுப்படிக்கும் அந்த மரியாதையைச் செய்தார்கள். டீச்சர் சாக்பீஸோடு நின்று ஒவ்வொரு செங்கல்லுக்கும் வரிசையும் எண்ணும் போட, பேக்கரிக்காரர் ரொட்டியை எடுப்பதுபோல அலுங்காமல் எடுத்து அடுக்கினார். அக்கா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ்காரர் செங்கல் சுமந்தார். யாரும் அவரைச் சுமக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெட்டிப் பலகையைக் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். செங்கல்லை வெளியே வைத்தார்கள். செங்கல்லுக்கு மழை என்ன செய்யும்? செங்கல்லுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரே மழையில் சாக்பீஸ் எண்கள் எல்லாம் கரைந்து போயின. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "செங்கல்லுதானே, எது எங்க போனா என்ன?" என்று பேக்கரிக்காரர் தேற்றினார். கையில் வந்ததை வந்தபடி வைத்துக் கட்டினார்கள்.

கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை வருஷம் அடுப்பைப் பார்த்திருந்த பக்கம் கரி ஏறிக் கறுத்திருந்தது. அந்தக் கரி முகங்கள் பாதிக்கு மேல் இப்போது வெளியே பார்த்தன. வெயிலையும் மழையையும் பார்த்து வெளுத்த முகங்கள் உள்ளே போயின. சட்டையைப் புரட்டிப் போட்ட மாதிரி இருந்தது அடுப்படி. "ஒரு செங்கல்லுகூடப் புதுசு இல்லைம்மா!" என்று பல் டாக்டர் பெருமைப்பட்டார். பெரிதாக ஒரு ஜன்னலும் வைத்திருந்தார்கள். திறந்தால் மூடிய சாக்கடை தெரியும். அக்கா உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய், கல்யாணமாகி வந்தபோது சமைத்த அதே மூலையில் வைத்துக்கொண்டாள்.

ரயில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது, பெரும்பாலும் பஸ்ஸில். வளைவில் திரும்பும்போது கேட் வீட்டின் கறுப்புச் சுவர் எடுப்பாகத் தெரியும். முதலில் யாரோ ஒரு பயணி கேட்க, அது அந்தக் காலத்து எஞ்சின் புகையாக இருக்கலாம் என்றார் டீச்சர். ஒரு மாதத்தில் 'இருக்கலாம்' உதிர்ந்துவிட்டது. எஞ்சின் புகைதான். ஆள்கள் போட்டோ எடுக்கிறார்கள்.

பஸ்காரரைச் சங்கம் மன்னித்தது. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் மன்னிப்பு சுலபமாகக் கிடைக்கும். அளவு டேப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். வழி நெடுகப் பார்க்க வேண்டியவற்றை அவர் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் எஞ்சின் புகை என்றுதான் சொன்னார். ஒரு நாள் வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"இடப்பக்கம் பாருங்க. அந்தச் சுவத்துல இருக்கறது எங்க அக்கா சமைச்ச புகை."

பெட்டி முழுக்கச் சிரித்தது. குழந்தைகள் கைதட்டின. இறங்கியதும் டீச்சர் வந்து, "நல்ல ஜோக் பஸ்காரரே, அதையே வெச்சுக்கோங்க," என்றார். அவர் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நடையிலும் உண்மையைச் சொல்கிறார்; ஒவ்வொரு நடையிலும் சிரிக்கிறார்கள்.

வெள்ளோட்டத்துக்குப் பிறகு அவர் கேட் வீட்டுப் படி ஏறவில்லை. ஏறினால் அவள் திட்டுவாள், அதைத் தாங்க வேண்டுமே என்று பயம். ஒரு ஞாயிறு இரண்டு நடைகளுக்கு நடுவே, திட்டினால் திட்டட்டும் என்று துணிந்து போனார். கதவு திறந்திருந்தது. அக்கா பின்னறையில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. புகையில்தான் என்று அவர் வைத்துக்கொண்டார்.

"வாங்க," என்றாள்.

அவர் திரும்பித் தமக்குப் பின்னால் வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். யாருமில்லை.

"உக்காருங்க. டீ குடிப்பீங்களா?"

"அக்கா…"

"சக்கரை எவ்வளவு போடணும்?"

அவர் டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை அவரை விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். சொன்னார். கிளாஸுக்குப் பதில் கப்பில் வந்தது, கீழே சாஸரோடு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து குடித்தார். மனைவி எப்படியிருக்கிறார், பேரன் பேசுகிறானா என்று அவள் வரிசையாக விசாரித்தாள். ஒவ்வொரு பதிலையும் கேட்டு, "சந்தோஷம்," என்றாள். கெட்ட வார்த்தை ஒன்று கிடைக்காதா என்றிருந்தது அவருக்கு. 'டேய்' என்று ஆரம்பிக்கும் எதுவானாலும் போதும், மிச்சத்தை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம்.

"அடுத்த வண்டி எப்போங்க?"

"இதோ, கொஞ்ச நேரத்துல."

"அப்ப கிளம்புங்க. ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர் எழுந்தார். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுக்குள் வந்து போனவர்தான். வரும்போது யாரும் வரவேற்றதில்லை, போகும்போது யாரும் எழுந்ததில்லை. இன்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.